கமுதி, கரண்ட், கான்ட்ராக்டர் - ஒரு சின்ன வரலாறு

தமிழ் சினிமாவில் நேர்மையான அதிகாரியை மிரட்ட மந்திரிக்கு ஒரே வசனம் போதும். "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!" அந்தக் காட்டுக்கு ஒரு பின்கோடு உண்டு மக்களே. எங்க ராம்நாடு ஜில்லாதான் அது. அதிலும் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். கரிசல் மண், சீமைக் கருவேலம், கரிமூட்டப் புகை, குண்டு மிளகாய். குண்டாறு என்று ஒரு ஆறும் உண்டு. ஆறு எப்பவும் இருக்கும், தண்ணிதான் எப்பவாவது வரும் :-)

2016ல் அந்தக் காட்டு வெயிலுக்கு 4,550 கோடி ரூபாய் விலை வந்தது. 648 மெகாவாட் சோலார் மின் நிலையம். ஒரே இடத்தில் இருக்கும் சோலார் நிலையங்களில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. அதைப் பற்றி மெகாவாட் கணக்கில் எழுதியவர்கள் இருக்கிறார்கள், அரசியல் கணக்கில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது வேற ஆளைப் பற்றி. வயர் இழுக்கிறவர், பைப் பதிக்கிறவர், எர்த் போடுறவர், பில் போட்டுவிட்டுக் காசுக்கு நடையாய் நடக்கிறவர். எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்.

எனக்கு இதில் என்ன அக்கறைன்னு கேட்கலாம். படிச்சது டிரிபிள் இ, தட்டுறது ஜாவா. மின்மாற்றியைப் பரீட்சைக்கு அப்புறம் தொட்டதில்லை. ஆனால் எங்க பெரியப்பா கமுதிப் பக்கம் 30 வருஷமா வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார். அவரிடம் கேட்டதும், அங்கே இங்கே படித்ததும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

லைசென்சு வந்த கதை

தமிழ்நாட்டில் அரசாங்கக் கரண்ட் என்றால் பைக்காராவில் ஆரம்பிக்க வேண்டும். 1929ல் வேலை தொடங்கி 1932ல் நீலகிரியில் இருந்து மின்சாரம் இறங்கியது. கோயம்புத்தூர் மில்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1937ல் மேட்டூர், 1944ல் பாபநாசம். 1957 ஜூலை 1ல் மின்சார வாரியம் பிறந்தது. நம்ம ஆட்கள் இன்றைக்கும் "ஈ.பி." என்று சொல்வது அதைத்தான். அது 2010ல் இரண்டு கம்பெனியாகப் பிரிந்து, 2024ல் மறுபடி பிரிந்து, பேர் எத்தனை மாறினாலும் ஊரில் அது ஈ.பி. ஆபீஸ்தான்.

இதில் கான்ட்ராக்டர் எங்கே வருகிறார்? 1956ல் வந்த இந்திய மின்சார விதிகளில் 45வது விதி என்று ஒன்று. பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர மற்ற மின் வேலைகளை, அரசு லைசென்ஸ் வாங்கிய கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், அதுவும் தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையில் என்று சொன்னது. 2010லும் 2023லும் மத்திய மின்சார ஆணையம் கொண்டு வந்த புது விதிகளிலும் இதே சங்கதி தொடர்கிறது. ஆக, ஒரு பெட்டிக்கடைக்கு சர்வீஸ் வாங்குவதானாலும் சட்டப்படி ஒரு லைசென்ஸ்காரர் கையெழுத்து வேணும்.

நல்ல விதிதான். உயிர் சம்பந்தப்பட்ட வேலை. ஆனால் விதி வேலையை யார் செய்யலாம் என்று சொன்னதே தவிர, செய்தவருக்குக் காசு எப்போ வரும் என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1956ல் இருந்து இன்றுவரை இந்தத் தொழிலின் கதையே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

வேலையின் அளவுகோல் மட்டும் மாறவே இல்லை. முதலில் மரக் கேசிங் கேப்பிங், அப்புறம் தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து பேட்டன் வயரிங், அப்புறம் சுவரை வெட்டி பிவிசி பைப் பதிக்கும் கன்சீல்டு. ஒயர் தாமிரத்தில் இருந்து அலுமினியத்துக்குப் போய்த் திரும்பத் தாமிரத்துக்கே வந்தது. ஆனால் கூலி பேசுவது அன்றும் இன்றும் "பாயிண்ட்" கணக்கில்தான். ஒரு விளக்கு ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் ஒரு பாயிண்ட். "வீடு எத்தன சதுரம்னு எனக்கு வேணாம்ப்பா, எத்தன பாயிண்டுன்னு சொல்லு" என்பார் பெரியப்பா.

அலையும் கண்மாயும்

எங்க ஜில்லாவுக்கு வராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ராமநாதபுரம் கண்மாய்களின் தேசம். 48 மடை என்று பேர் வாங்கின ஆர்.எஸ். மங்கலம் கண்மாயில் இருந்து, ஊருக்கு ஊர் சின்னதும் பெருசுமாக எத்தனையோ. காரணம் ரொம்ப சிம்பிள். மழை இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும், அப்புறம் காணாமல் போகும். அந்தச் சில வாரத் தண்ணியைத் தேக்கி வைத்து வருஷத்தை ஓட்ட வேண்டும். மழை பெய்யலையே என்று அழுகிற ஊரை விட, பெய்த மழையைத் தேக்க முடியாத ஊர்தான் முதலில் காலியாகும்.

எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் தொழிலும் இதே மழைதான். பாருங்க.

அறுபதுகள், எழுபதுகளில் கிராமங்களுக்கு லைன் இழுத்தார்கள், கிணறுகளுக்கு பம்புசெட் கொடுத்தார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும். கொங்கு மண்டலத்துக்கு அது அடைமழை. எங்களுக்குத் தூறல். இங்கே பாசனம் கண்மாயில், பல இடத்தில் நிலத்தடித் தண்ணி உப்பு, கிணறே இல்லாத ஊரில் பம்புசெட் எங்கே ஓடும்? எம்.ஜி.ஆர். ஆட்சியில் குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டம் வந்தது. ஒரு குடிசை, ஒரு பல்பு, ஒரு பாயிண்ட். கான்ட்ராக்டர் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாயிண்ட் கம்மி, தூரம் அதிகம்.

அப்புறம் வந்தது யாரும் எதிர்பாராத அலை. கரண்ட் இல்லாததே ஒரு வியாபாரம் ஆன காலம்! 2008ல் தொடங்கி 2012ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு ஞாபகம் இருக்கா? நான் அப்போ பள்ளிக்கூடம். சென்னைக்காரர்கள் தினம் 2 மணி நேர வெட்டுக்கே புலம்பிக்கொண்டிருந்தபோது, வெளி மாவட்டங்களில் எப்போ வரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அந்த வருஷங்களில் இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தே பல எலக்ட்ரீஷியன்கள் பைக் வாங்கினார்கள். 2015, 2016 வாக்கில் மின்வெட்டு அடங்கியது, அந்த வியாபாரமும் அதோடு அடங்கியது.

இந்த அலைகள் எதையும் கான்ட்ராக்டர் உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு அரசாணை, ஒரு மானியம், ஒரு தட்டுப்பாடு, ஒரு கெடு தேதி. எங்கோ எடுக்கிற முடிவு, இங்கே மழையாகக் கொட்டும் இல்லையென்றால் வறட்சியாகக் காயும்.

எட்டு மாசத்துல 648

இதில் பெரிய மழைதான் கமுதி சோலார். 2012ல் தமிழ்நாடு அரசு சூரிய மின் கொள்கை வெளியிட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. 2014 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலார் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை வைத்தது. அந்த விலை வேண்டுமானால் 2016 மார்ச் 31க்குள் நிலையம் ஓட ஆரம்பிக்க வேண்டும். அடுத்த நாளில் இருந்து விலை 5 ரூபாய் 10 காசு.

அதானி குழுமம் வாரியத்தோடு 648 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் போட்டது 2015 ஜூலை 4ல். ஒரு யூனிட்டுக்கு 1 ரூபாய் 91 காசு வித்தியாசம், அதுவும் 25 வருஷத்துக்கு. அப்புறம் எதற்கு அத்தனை அவசரம் என்று கேட்பீர்களா?

எட்டே மாதத்தில் கட்டினோம் என்று கம்பெனி சொன்னது. 2016 செப்டம்பர் 21ல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், 3,80,000 அடித்தளம், 576 இன்வெர்ட்டர், 154 மின்மாற்றி, 6,000 கிலோமீட்டர் கேபிள். கன்னியாகுமரியில் இருந்து டெல்லிக்கு ரோட்டோரமாக இழுத்து, திரும்பக் கொண்டு வந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 240 நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1,580 அடித்தளம், 10,400 பேனல். வேலை செய்தவர்கள் 8,500 பேர். இந்த வேகத்தைப் பார்த்து ஒரு எஞ்சினியரிங் படித்தவனாக நான் இன்னும் வாயைப் பிளக்கிறேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே.

சரி, 4,550 கோடியை 648ஆல் வகுத்தால் ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 7 கோடி. இதில் உள்ளூர் கான்ட்ராக்டருக்கு என்ன?

பெரிய துண்டு பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இரும்புக்கும் போய்விடும். நிலையத்தைக் கிரிட்டோடு இணைக்கும் ஐந்து துணைமின் நிலையங்களைச் செய்தது ஏபிபி என்கிற பன்னாட்டு நிறுவனம். இந்த அளவு வேலைக்கு டெண்டர் போடவே முந்தைய அனுபவம், ஆண்டு வரவு செலவு, வங்கி உத்தரவாதம் என்று கோடிக்கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். கமுதி பஜாரில் கடை வைத்திருக்கும் லைசென்ஸ்காரர் அந்த வாசல்படியில்கூட நிற்க முடியாது. இந்த மாதிரிப் பெரிய திட்டங்களில் உள்ளூர் ஆளுக்குப் பொதுவாகக் கிடைப்பது சப் கான்ட்ராக்டுக்கு சப் கான்ட்ராக்ட். பள்ளம் தோண்டுவது, கேபிள் இழுப்பது, ஆள் சப்ளை, வண்டி வாடகை. நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு அதுவும் குறையும். பேனல் துடைக்கக்கூட ரோபோ வைத்துவிட்டார்கள்.

"பொட்டக் காட்டுக்குள்ள இம்புட்டுக் கம்பியான்னு வேடிக்க பாத்தோம்ப்பா. கம்பெனிக்காரவுக வந்தாக, முடிச்சாக, போனாக" என்றார் பெரியப்பா. வருத்தமெல்லாம் இல்லை அவர் குரலில். மழை பெய்ததைச் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

இன்னொரு சங்கதி இருக்கு. 648ல் 288 மெகாவாட்டுக்கு 7.01 விலையா 5.10 விலையா என்று வழக்கு வந்தது. கெடு தேதிக்குள் எது முடிந்தது, எது முடியவில்லை என்கிற தகராறு. 2022 அக்டோபரில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 7.01 என்று சொன்னது. ஒரே தடவையாகச் சுமார் 748 கோடி ரூபாய் வரும் என்று கம்பெனி அறிவித்தது. வழக்கின் நியாயம் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நான் பார்த்தது வேறு. பெரிய கம்பெனியால் 748 கோடிக்கு ஆறு வருஷம் காத்திருந்தும் நிமிர்ந்து நிற்க முடிகிறது. சின்ன கான்ட்ராக்டரால் 7 லட்சத்துக்கு ஆறு மாசம் காத்திருக்க முடியாது. இரண்டு பேருக்கும் நிலுவை என்பது ஒரே வார்த்தைதான். ஒருத்தருக்குக் கண்மாய் இருக்கிறது, இன்னொருத்தருக்குக் குடம்தான் இருக்கிறது.

10 லட்ச ரூபாய் வேலை - ஒரு போஸ்ட்மார்ட்டம்

புரோகிராம் எழுதுகிறவனுக்கு உதாரணம் இல்லாமல் தூக்கம் வராது. இது கற்பனைக் கணக்கு, ஆனால் பெரியப்பா பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டியது.

ஒரு கல்யாண மண்டபம் வயரிங், 10 லட்சம். பொருள் 6.5 லட்சம், கூலி 2 லட்சம், வண்டி, சாப்பாடு, இதர செலவு 50 ஆயிரம். லாபம் 1 லட்சம். பத்து சதவீதம், பரவாயில்லையே!

பொறுங்க. பொருள் வாங்க, கூலி கொடுக்க 6 லட்சம் வெளியே புரட்டுகிறார். ரெண்டு வட்டி. பில் தொகை வர நாலு மாசம். வட்டி மட்டும் 48,000. மிச்ச லாபம் 52,000. இதில் 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாயை "ஒரு வருஷம் பாத்துட்டுத் தாரோம்" என்று பிடித்து வைப்பார்கள். ஆக வேலை முடித்துக் கையில் நிற்பது 2,000 ரூபாய். இதற்கிடையில் பில் போட்டாச்சே, அடுத்த மாசம் ஜிஎஸ்டி கட்டணும். 18 சதவீதத்தில் 1.8 லட்சம். பொருளுக்குக் கட்டின 1.17 லட்சத்தைக் கழித்தாலும் 63,000 ரூபாயை, இன்னும் வராத காசுக்காகக் கட்டணும்.

இதில் ஒயர் விலை ஏறினால்? பொருளில் 3 லட்சம் ஒயர் என்று வையுங்க. 20 சதவீதம் ஏறினால் 60,000. மொத்த லாபமும் போய் கைக்காசு 8,000 போகும்.

ஏறுமா என்று கேட்காதீங்க. 2016 தொடக்கத்தில் உலகச் சந்தையில் தாமிரம் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்தது. 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. எங்க பக்கத்து ஜில்லா தூத்துக்குடியில் வருஷம் 4 லட்சம் டன் திறன் உள்ள தாமிர ஆலை இருந்தது. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன பிறகு அந்த மாதமே அரசு அதை மூடியது. அந்த மூடலின் நியாயம் காற்று, தண்ணீர், உயிர் சம்பந்தப்பட்டது, அதை ஒயர் விலையோடு எடைபோட நான் தயாரில்லை. ஆனால் அதற்குப் பிறகு சுத்திகரித்த தாமிரத்தில் இந்தியா ஏற்றுமதி செய்கிற நாடு என்பதில் இருந்து இறக்குமதி செய்கிற நாடு ஆனது. டாலர் ஏறினாலும் லண்டன் விலை ஏறினாலும் கமுதியில் காயில் விலை ஏறும். மண்டப ஓனரிடம் போய் "லண்டன்ல ஏறிருச்சு" என்று சொன்னால் சிரிப்பார்.

பெரியப்பாவுக்கே ஒரு அனுபவம். மதுரைப் பக்கம் ஒரு கட்டிடக் கம்பெனி, பேர் வேணாம். வேலை முடிந்து ரெண்டு வருஷம் கழித்துத்தான் கடைசித் தவணை வந்தது. "வேல முடிஞ்சு போச்சுப்பா, காசுதான் முடியல" என்பார். அந்த ரெண்டு வருஷமும் அவரிடம் இருந்த ரெண்டு வயர்மேன்களுக்கு அவர் சம்பளம் பாக்கி வைக்கவில்லை. பெரியம்மாவின் வளையல் பேங்கில் இருந்தது. சப் கான்ட்ராக்டர் என்கிற ஏணியில் ஒவ்வொரு படியும் மேலே பார்த்து நிற்கும். கடைசிப் படிக்குக் கீழே நிற்பது எப்பவும் ஒரு வீட்டு நகைதான்.

இது நம்ம ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் இங்கிலாந்தில் கரில்லியன் என்ற மாபெரும் கட்டுமானக் கம்பெனி திவாலானது. அதை நம்பி வேலை செய்த சப்ளையர்களும் சின்ன கான்ட்ராக்டர்களும் சுமார் 30,000. அவர்களுக்கு 120 நாள் கழித்துத்தான் காசு என்று விதி வைத்திருந்த கம்பெனி அது. அதே 2018 செப்டம்பரில் இங்கே ஐஎல் அண்ட் எஃப்எஸ் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது, 90,000 கோடிக்கு மேல் கடன். மேலே ஒரு மரம் சாய்ந்தால் கீழே எத்தனை குருவிக்கூடு என்று யாரும் எண்ணுவதில்லை.

இனி?

கெடுவுக்கு ஓடும் மழை இப்போ வேறு ரூபத்தில் வருகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக்கூரை சோலார் திட்டம் அறிவித்தது. 1 கோடி வீடு இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2016ல் இருந்து வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீட்டுக்காரருக்குப் பெரிய அவசரம் இல்லை. ஆனால் லாட்ஜ், ஐஸ் கம்பெனி, மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு உண்டு. ராமேஸ்வரம் கரையோரம் பூரா அப்படிப்பட்டவர்கள்தான். உப்புக்காற்றில் எந்த நட்டு எத்தனை நாளில் துருப்பிடிக்கும் என்று மும்பை கம்பெனியை விட ராமநாதபுரம் வயர்மேனுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாப் பெரிய அறிவிப்பையும் நம்பிக் கடன் வாங்கவும் கூடாது. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் என்று வேலை தொடங்கினார்கள். 2021ல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தியது, திட்டமே அங்கிருந்து போனது. எங்க ஜில்லாவில் இதை விடப் பெரிய பாடம் வேணுமா?

என் கருத்து இதுதான். இந்தத் தொழிலில் பிழைப்பது வேலை பிடிக்கிற சாமர்த்தியத்தை விடக் காசைத் தேக்குகிற சாமர்த்தியத்தில் இருக்கிறது. அட்வான்ஸ் இல்லாமல் முதல் பைப்பைப் பதிக்கக் கூடாது. ஒயர் விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசம் உங்களோடது என்று ஒரு வரி எழுதி வாங்கணும். சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. 2006ம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் காசு தரணும், தாமதித்தால் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு அது பொருந்துமா என்று கோர்ட்டில் வாதம் ஓடியிருக்கிறது என்பது தனிக்கதை. ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்கிற பில் தள்ளுபடித் தளத்தில் சேர வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை அங்கே வைத்தால் வங்கி உடனே காசு தரும், ரெண்டு வட்டியை விட மலிவாக.

அப்புறம் பராமரிப்பு. இன்வெர்ட்டர்களின் ஆயுள் சுமார் 10, 15 வருஷம் என்பார்கள். 2016ல் மாட்டியதற்கெல்லாம் அந்த வயது நெருங்குகிறது. கட்டும் வேலை பெருமழை மாதிரி, பராமரிப்பு வேலை மடையில் கசிகிற தண்ணி மாதிரி. கொஞ்சமாக வரும், ஆனால் கோடையிலும் வரும். எங்க ஊர்ப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வயர்மேன் சான்றிதழை எடுத்த கையோடு பாஸ்போர்ட்டும் எடுக்கிறார்கள். துபாயோ சிங்கப்பூரோ, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்பதுதான் அங்கே இருக்கும் ஒரே கவர்ச்சி. அதே உத்தரவாதத்தைக் கமுதியில் கொடுக்க முடிந்தால் பாதிப் பேர் இங்கேயே இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வீடு கட்டும்போது, பெயின்ட்டருக்கும் டைல்ஸ்காரருக்கும் கொடுத்துவிட்டு "உனக்கு அடுத்த வாரம் பாப்போம்ப்பா" என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லாதீங்க. அவர் சுவருக்குள்ளே பதித்த வேலை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

டிஸ்கி: உங்க ஊரில் முதல் கரண்ட் வந்த கதை, முதல் வயர்மேன் கதை தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்க. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மீ த பர்ஸ்ட்டுக்குப் பரிசு ஒரு கிலோ குண்டு மிளகாய் :-)